நம் கடலுக்கு மாற்று மீன் எங்கிருந்து வரும்?

கடல் சூடானால் மீன்கள் எங்கே நகரும் என்று கணினி மாதிரிகளை வைத்துக் கணிப்பது பற்றிய நல்ல கட்டுரை. ஆனால் உதாரணங்கள் எல்லாம் குளிர்நாட்டு மீன்கள். அங்கே ஒரு மீன் வடக்கே போனால், தெற்கிலிருந்து இன்னொன்று வரும். நிலநடுக்கோட்டை ஒட்டிய நம் சிங்கப்பூர்ப் பக்கம் அப்படி இல்லை. இதைவிடச் சூடான கடல் எது, அங்கிருந்து மீன் வர? சரி, ஆழத்துக்குப் போகட்டும் என்றால், நம்மைச் சுற்றியுள்ள சுந்தா திட்டுக் கடல் (தென்கிழக்காசிய நிலத்தின் கடலுக்கடியில் நீளும் பகுதி) பெரும்பாலும் 100 மீட்டர்கூட ஆழமில்லை.

என் அம்மாவுக்கு மத்திக் குழம்பு என்றால் உயிர். தேக்கா சந்தையில் மீன்காரரிடம் "அண்ணே, மத்தி இருக்கா?" என்று கேட்டுவிட்டு, செவுளைத் தூக்கிச் சிவப்பு பார்த்துத்தான் வாங்குவார். அந்த மத்தி கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 4 லட்சம் டன் பிடிபட்டது. 2021இல் 3,500 டன்கூட இல்லை. வெப்பம் மட்டும் காரணமல்ல, குஞ்சு மீன்களை அள்ளியதும் சேர்ந்துகொண்டது. 1980களுக்கு முன் அவ்வளவாகக் கிடைக்காத தமிழகக் கரையிலோ அதே மத்தி பெருகியது. ஆகவே வெப்பநிலையை மட்டும் வைத்துக் கணிக்காதீர்கள், வலையின் கண்ணளவையும் கணக்கில் சேருங்கள். உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் சிங்கப்பூருக்கு, அண்டை நாட்டுக் கடலின் கணிப்பும் தேவை.