ஏடிஎம் மூடல் என்று வரும் மெசேஜ் பொய்

'பாகிஸ்தான் ரான்சம்வேர் தாக்குதல், ஏடிஎம் எல்லாம் 2-3 நாள் மூடல், இப்போதே பணம் எடுத்துவிடுங்கள்' என்று ஒரு ஃபார்வர்டு தர்மபுரி வாட்ஸ்அப் குரூப்களில் மறுபடி சுற்றுகிறது (ரான்சம்வேர் என்பது கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்). அதை நம்பி எங்கள் மாமா, பாலக்கோடு மண்டியில் தக்காளி போட்ட கையோடு, காலிக் கிரேட்டைக்கூட வண்டியில் ஏற்றாமல் ஏடிஎம் வாசலில் போய் நின்றுவிட்டார்.

இது 2025 மே மாதம் எல்லைப் பதற்றத்தின்போது கிளம்பிய பழைய மெசேஜ். மத்திய அரசின் பிஐபி உண்மை சரிபார்ப்புப் பிரிவு அப்போதே பொய் என்று சொல்லிவிட்டது, ஏடிஎம்களும் வழக்கம்போல் ஓடின.

அதற்காக நாடுகள் இப்படித் தாக்குவதே இல்லை என்று சொல்ல வரவில்லை. 2017 மே மாதம் உலகத்தையே உலுக்கிய வானாக்ரை என்ற ரான்சம்வேருக்குப் பின்னால் வட கொரியா இருந்ததாக அமெரிக்காவும் பிரிட்டனும் அந்த டிசம்பரில் வெளிப்படையாகவே சொன்னார்கள். ஆனால் அது புகுந்தது விண்டோஸில் இருந்த ஒரு ஓட்டை வழியாக, அதை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். இந்த மாதிரி எச்சரிக்கைகளை இங்கே வெளியிடுவது மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன், குரூப் அட்மின் இல்லை!

சந்தேகம் வந்தால் பிஐபி-யின் 8799711259 வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பிக் கேளுங்கள். ஆன்லைன் மோசடியில் பணம் பறிபோனால் உடனே 1930 சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அந்த மெசேஜை மட்டும் இனி யாருக்கும் தள்ளிவிடாதீர்கள், சரியா?