ஓட்டுக்குப் பணம்: வறுமை மட்டும்தான் காரணமா?

வறுமைதான் ஓட்டுக்குப் பணம் வாங்க வைக்கிறது, தண்டனையைக் கூட்டினால் சரியாகும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. பாதிகூட ஒப்பவில்லை. கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஓராண்டு வரை சிறை என்று சட்டம் ஏற்கெனவே சொல்கிறது. 2016 மே மாதம் எங்கள் தஞ்சாவூர்த் தொகுதியில் பணப் பட்டுவாடாவால் தேர்தலையே நிறுத்தி, நவம்பர் 19-ல்தான் நடத்தினார்கள். பணக் கவருக்குக் காத்திருப்பவர்களில் மாடிவீட்டுக்காரர்களும் உண்டு. எனக்கென்னவோ இது பழக்கமாகவே படுகிறது.

பழக்கத்தை விடுவது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். வெற்றிலையோடு புகையிலை அடக்கித் திரிந்தவன் நான். கும்பகோணம் கொழுந்து வெற்றிலை கிடைக்கிற ஊரில் அதை விடுவது லேசில்லை. சீவல், சுண்ணாம்போடு நிறுத்தினால் வாய் புகையிலையைக் கேட்கும். அதனால் வெற்றிலைக்கே முழுக்கு. மதியச் சாப்பாடு முடிந்த அரைமணிதான் கண்டம். அப்போது நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைப் போட்டுவிடுவேன். பழைய பதிவு, இரைச்சல்தான். ஆனாலும் அந்த நாயனக் கம்பீரம் இன்றைய துல்லியப் பதிவுகளில் எனக்குக் கிடைப்பதில்லை. ஆலாபனை முடிவதற்குள் நாக்கு அடங்கிவிடும்.

தேர்தல் வந்தால் நாகூர் ஹனிபா நினைவுதான். திமுக மேடைப் பாடகர். எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்ட என் சித்தப்பாவும் அந்தக் குரலுக்காகவே கூட்டத்துக்குப் போவார். இப்போது சினிமா மெட்டில் வேட்பாளர் பெயரைச் செருகி வேனில் அலறவிடுகிறார்கள். காது வலிதான் மிச்சம்.

கவர் வருவது பெரும்பாலும் வாக்குப்பதிவுக்கு முந்தைய ஓரிரண்டு ராத்திரிகளில். புகையிலைக்கு அந்த அரைமணியைத் தாண்டியதுபோல, அந்த நேரம் மட்டும் கதவைச் சாத்திக்கொள்ளலாமா என்று தெருவில் நாலு பேரிடம் பேசியிருக்கிறேன். இரண்டு வீட்டில் சரி என்றார்கள், ஒரு வீட்டில் சிரித்தார்கள்.