இது புல்வெளியா, குப்பைமேடா?

நேற்றுச் சாயங்காலம் என் மகள் குதிகாலில் கண்ணாடிச் சில்லு ஏறிவிட்டது. ஐந்து வயசுக் குழந்தை. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில், யோஹான்ஸ்டாட் பகுதிப் பக்கம், எல்பே ஆற்றங்கரைப் புல்வெளியில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினாள், அவ்வளவுதான். பச்சை நிற பியர் பாட்டில் சில்லு, சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது, புல்லுக்குள் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது. அதைப் பிடுங்கும்போது அவள் போட்ட சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது, அந்த ஆத்திரத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

சில்லு கிடந்த இடத்துக்கு இரண்டடி தள்ளித் தரை செவ்வகமாகக் கருகிக் கிடந்தது. பார்த்தவுடனே புரிந்துவிட்டது. கடைகளில் விற்கிறார்களே, கரி நிரப்பியே வரும் அலுமினியத் தட்டு, ஒரு தடவை கறி சுட்டுவிட்டுத் தூக்கிப்போடுவது, அதை நேராகப் புல்மேல் வைத்துக் கொளுத்தியிருக்கிறார்கள். விரலால் கிளறினால் வேர்வரை வெந்துபோய் மண் பொடிப்பொடியாக உதிர்கிறது. தட்டும் அங்கேயேதான் கிடந்தது, உறைந்த கொழுப்பும் கருகிய சாசேஜ் துண்டுமாக. அடுப்பு மூட்டவென்றே இதே கரையில் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதுவரை நடந்துபோக இவர்களுக்கு வலிக்கிறது!

ஒரு பெரிய நகரத்தின் நடுவே இவ்வளவு பச்சை எப்படி மிஞ்சியது என்று ஒரு நிமிஷமாவது யோசித்திருப்பார்களா? ஆறு பொங்கினால் தண்ணீர் விரிந்து ஓட இடம் வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக இங்கே வீடு கட்டாமல் விட்டு வைத்தார்கள். மாடும் ஆடும் மேய்ந்தன, காயவைத்து மாட்டுத் தீவனமாக்கப் புல் அறுத்தார்கள். 1945 பிப்ரவரியில் நகரம் குண்டுவீச்சில் எரிந்த இரவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஜனங்கள் ஓடிவந்ததும் இந்தக் கரைக்குத்தான். 2002 ஆகஸ்டில் எல்பே 9.40 மீட்டருக்கு ஏறியபோது ஆற்றை முதலில் வாங்கிக்கொண்டது இந்தப் புல்வெளிதான், 2013இல் மறுபடியும் அதேதான்.

அப்புறம் அந்தப் பாலச் சண்டை. 2004இல் இந்தப் பள்ளத்தாக்குக்கு யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டம் கொடுத்தது. புல்வெளிக்குக் குறுக்கே வால்ட்ஷ்லோஸ்ஷென் பாலத்தைக் கட்ட ஆரம்பித்ததால் 2009இல் அதைப் பறித்தும் விட்டது. லாடமூக்கு வௌவால் என்ற குட்டிப் பிராணிக்காக நீதிமன்றம் வேலையையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது. 2013இல் பாலம் திறந்தபோது வௌவால் பறக்கும் மாதங்களில் இரவில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம்தான் என்று பலகை வைத்தார்கள். பட்டம் போனதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு. ஆனால் ஒரு வௌவாலுக்காக வழக்காடிய ஊரில், குழந்தை வெறுங்காலோடு ஓடுமே என்று நினைத்து ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு போக ஆள் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்த பாட்டிலை உடைக்காமல் கடையில் திருப்பிக் கொடுத்தால் வாங்கும்போது கட்டிய 8 சென்ட் முன்பணம் திரும்பக் கிடைக்கும். ராத்திரி பத்து மணிக்கும் டார்ச் அடித்துக்கொண்டு காலி பாட்டில் தேடும் வயதானவர்களை இங்கே எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உடையாத காலி பாட்டிலை ஓரமாக நிறுத்தி வைத்தால்கூடப் போதும், அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். உடைத்துவிட்டால் அது யாருக்கும் வேண்டாத சில்லு. அறுக்கும் புல்லோடு சேர்ந்து காய்ந்த தீவனத்துக்குள் போனால் மாட்டின் வயிற்றைக் கிழிக்கும்.

கண்ணாடி மட்டுமில்லை. இந்த மாதிரி ஈரப் புல்வெளிகளில் கருஞ்சிவப்புக் குண்டுமணி போலப் பூக்கும் ஒரு செடி உண்டு. அந்தப் பூவில் மட்டுமே முட்டையிடும் ஒரு நீலப் பட்டாம்பூச்சி, அதன் புழு எறும்புப் புற்றுக்குள் வளரும். அது வாழும் இடத்தில் பூக்காலம் முடியும்வரை புல் அறுக்கவே யோசிக்க வேண்டும். அந்தப் புல்வெளியில்தான் நெருப்பு வைக்கிறார்கள். செடியும் போய் எறும்பும் போன பிறகு பட்டாம்பூச்சி எங்கிருந்து வரும்?

நம் ஆட்களையும் சொல்லாமல் விட மாட்டேன். போன மாதம் ஒரு கூட்டம், எல்லாம் தமிழ்தான், படிக்க வந்த பசங்கள். மசாலா தடவிய கோழி, சத்தமான பாட்டு, எல்லாம் சரி, சந்தோஷமாக இருக்கட்டும். கிளம்பும்போது காகிதத் தட்டுகளை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள், காற்று அத்தனையையும் ஆற்றுக்கு அடித்துக்கொண்டு போனது. "தம்பி, அதை எடுங்கப்பா" என்றேன். "காலையில் ஆள் வந்து எடுப்பாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு நடந்தார்கள். உங்கள் வீட்டுத் திண்ணையில் இப்படிப் போட்டுவிட்டுப் போவீர்களா?

கரி ஆறியதும் தண்ணீர் ஊற்றித் தட்டைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பாட்டில் உடைந்தால் போன் வெளிச்சத்திலாவது கடைசிச் சில்லுவரை பொறுக்குங்கள். நேற்று மகளை அவள் அம்மாவோடு அனுப்பிவிட்டு இருட்டும்வரை உட்கார்ந்து பொறுக்கினேன். ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தில் பதினேழு சில்லு.