‘12 மணி நேரத்தில் திரும்பினால் டோல் இல்லை’: உண்மை என்ன?

காரைக்குடி வாட்ஸ்அப் குழுக்களில் அந்தச் செய்தி மறுபடி சுற்றுகிறது: ‘12 மணி நேர ரசீது கேளுங்கள், திரும்பும்போது பைசா கட்ட வேண்டாம்.’ கூடவே அமைச்சர் உத்தரவாம்.

அப்படி ஒரு சலுகை கிடையாது. 2008 தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளின்படி, 24 மணி நேரத்துக்குள் போய்வந்தால் இரண்டுக்கும் சேர்த்து ஒருவழிக் கட்டணத்தில் ஒன்றரை மடங்குதான். பேச்சுக்கு, திருச்சிக் கல்யாணத்துக்குப் போகிற வழியில் ஒரு சுங்கச்சாவடியில் 60 ரூபாய் என்றால், அன்றே திரும்பும்போது 30. ஃபாஸ்டேக் இருந்தால் இந்தச் சலுகை தானாகவே கழியும், ரசீது கேட்டு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

‘எல்லாம் தனியார் கொள்ளை’ என்றும் அதே செய்தியில் இருக்கிறது. பாதி உண்மை. சில சாலைகளைத் தனியார் நிறுவனங்கள் கடன் வாங்கிப் போட்டு, குறிப்பிட்ட ஆண்டுகள் அவர்களே வசூலிக்கிறார்கள். 2016-இல் ஒப்புதல் பெற்ற ‘ஹைபிரிட் ஆன்யூட்டி’ முறை வேறு: கட்டும்போதே 40 சதவீதத்தை அரசு தருகிறது, மீதி நிறுவனத்துக்குத் தவணையாகப் போகிறது. வசூல் அரசுப் பக்கம்.

கட்டணம் அதிகம் என்று சண்டை போடலாம், நானும் வருகிறேன். ஆனால் உண்மையான சலுகையை யாரும் பகிர்வதில்லை: சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருந்தால், சொந்தக் காருக்கு மாதப் பாஸ் உண்டு. முகவரிச் சான்றோடு சாவடியிலேயே கேளுங்கள்.