புத்தகம் அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஏன்?

மூன்று நாட்களாக எல்லோர் பக்கத்திலும் அந்தப் படம்தான்: கூடப் படிக்கும் பிள்ளைகளின் கேலியால் அழுத ஒரு மாணவிக்கு அவள் பள்ளியே மேடையில் புத்தகம் கொடுக்கும் படம். மற்ற விவரங்களைத் திரும்பச் சொல்லி அந்தப் பெண்ணை இன்னொரு தடவை காட்சிக்கு வைக்க எனக்கு மனமில்லை, படத்தையும் பகிரவில்லை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவளை மேடைக்குக் கூப்பிட்டு, கையில் ஒரு தன்னம்பிக்கைப் புத்தகத்தைக் கொடுத்து, "இதைப் படி, தைரியம் வரும்" என்று மைக்கில் சொல்லியிருக்கிறார்கள். கீழே வரிசையாக "அருமையான முன்னெடுப்பு", "இப்படி ஒரு பள்ளி எங்களுக்குக் கிடைக்கவில்லையே" என்று பின்னூட்டங்கள்.

அவளை மாதக்கணக்கில் அழவைத்த பிள்ளைகளும் அதே மைதானத்தில், அதே வரிசையில்தான் நின்றிருப்பார்கள். பக்கத்தில் நின்று சிரித்தவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் கையில் என்ன புத்தகம் கொடுத்தீர்கள்?

நான் கேட்பது இதை மட்டும்தான். அடிபட்ட பிள்ளையிடம் மட்டும் புத்தகத்தைக் கொடுத்தால், "மாற வேண்டியது நீதான்" என்று சொல்வதாகத்தான் அவள் காதில் விழும். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எனக்கே நடந்தது.

எனக்குத் திக்குவாய். இப்போதும் உற்றுக் கேட்டால் தெரியும். ஏழாம் வகுப்பில் பெயர் கூப்பிட்டதும் "உள்ளேன் ஐயா" சொல்ல வேண்டும். அந்த "உ" எனக்கு வராது. தொண்டையிலேயே நிற்கும். நான் வாயைத் திறப்பதற்குள் பின் பெஞ்சிலிருந்து "உ... உ... உ..." என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஆந்தை என்று பெயர் வைத்தார்கள். குழாயடியில், பஸ் ஸ்டாப்பில், கோயிலில் என் அம்மா பக்கத்தில் நிற்கும்போதுகூட ஆந்தைதான். ஒரு டீச்சர் என்னை ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு ஒரு தன்னம்பிக்கைப் புத்தகம் கொடுத்தார். நல்ல மனதோடுதான் கொடுத்தார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: எனக்குத் தைரியம் இல்லாததால்தான் அவர்கள் கேலி செய்கிறார்கள். அடுத்த மாதம் அந்த டீச்சர் கேட்டார்: "புக்கு குடுத்தேனே, படிச்சியா? இன்னும் ஏன் அழுவுற?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. ஆந்தை என்று கூப்பிட்டவர்கள் யாரிடமும் யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

சரி, "ஏதோ ஒன்று செய்தார்களே, அதையும் குறை சொல்வீர்களா?" என்பார்கள். சொல்லத்தான் செய்வேன். மேடையில் ஏற்றியது, படம் எடுத்தது, அதைப் பள்ளியின் பக்கத்தில் போட்டது, இந்த மூன்றும் அவளுக்காகச் செய்தவை அல்ல. "பெற்றோர் சம்மதித்தார்கள்" என்கிறார்கள். சம்மதிக்காமல் என்ன செய்வார்கள்? அந்தப் பள்ளியில்தானே பிள்ளை இன்னும் படிக்க வேண்டும்.

நான் புத்தகத்துக்கு எதிரி இல்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் பிள்ளைகளுக்குக் கதை படிப்பவள் நான். புத்தகம் உதவும் என்று நம்புவதால்தான் இவ்வளவு வலிக்கிறது.

2016-இல் என் மகன் பத்தாம் வகுப்பு. அவனுடைய சி.பி.எஸ்.இ. ஆங்கிலப் பாடநூலில் 'தி ஹண்ட்ரட் டிரெஸ்ஸஸ்' என்று ஒரு பாடம், இரண்டு பகுதியாக. எலினார் எஸ்டஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1944-இல் எழுதியது. வாண்டா என்ற போலந்துக் குடும்பத்துப் பெண் தினமும் ஒரே வெளிறிய நீல உடையில் பள்ளிக்கு வருவாள். வீட்டில் நூறு உடைகள் இருப்பதாகச் சொல்வாள். தினம் தினம் அவளை நிறுத்தி வைத்து, "எத்தனை உடைகள் வைத்திருக்கிறாய்?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் கதை வாண்டாவின் மனதுக்குள் போகவே போகாது. அது மேடியைப் பற்றியது. கேலி செய்யும் பெக்கியின் தோழி மேடி. அவளும் ஏழைதான், பெக்கியின் பழைய உடைகளைத்தான் போடுகிறாள். வாயைத் திறந்தால் அடுத்தது நாம்தான் என்ற பயத்தில் சும்மா நிற்கிறாள். ஒருநாள் வாண்டாவின் அப்பாவிடமிருந்து கடிதம் வருகிறது: நாங்கள் பெரிய நகரத்துக்குப் போகிறோம், அங்கே யாரும் எங்கள் பெயரைக் கேலி செய்ய மாட்டார்கள். மேடியால் நேரில் மன்னிப்புக் கேட்க முடியாமலே போகிறது. எஸ்டஸ் சிறுமியாக இருந்தபோது தன் வகுப்பில் கண்டதை வைத்துத்தான் இதை எழுதினாராம்.

மகனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தவள், பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

இதை நான் இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. ஒன்பதாம் வகுப்பில் எங்கள் வகுப்புக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். செங்கல் சூளையில் வேலை பார்க்கும் குடும்பம். ஒரே ஒரு யூனிஃபார்ம். இரவு துவைத்துக் காலையில் போட்டுக்கொண்டு வருவாள். ஐப்பசி மழையில் அது காயாது. அந்த ஈரவாடைக்குப் பூஞ்சை என்று பெயர் வைத்தார்கள். அந்த வாரம் முழுக்க என்னை யாரும் ஆந்தை என்று கூப்பிடவில்லை. அந்த நிம்மதியில் நானும் சிரித்தேன். வாய்விட்டே சிரித்தேன். அவள் ஒருத்திதான் என்னிடம், "உன் குரலுக்கு என்ன, நல்லாத்தான இருக்கு" என்று சொன்னவள். அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு அவள் வரவில்லை. ஒரு வாரம் பெயர் கூப்பிட்டார்கள், அப்புறம் சிவப்பு மையில் அடித்துவிட்டார்கள்.

ஏழாம் வகுப்பில் எனக்குக் கொடுத்த அந்தத் தன்னம்பிக்கைப் புத்தகத்துக்குப் பதிலாக மேடியின் கதையை மொத்த வகுப்புக்கும் யாராவது படித்துக் காட்டியிருந்தால், ஒன்பதாம் வகுப்பில் நான் வாயை மூடிக்கொண்டாவது இருந்திருப்பேனோ என்னவோ.

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: மொத்த வகுப்புக்கும் கொடுங்கள். பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சல்மிவல்லியின் குழு உருவாக்கிய 'கிவா' என்ற, பள்ளிகளில் கேலியையும் துன்புறுத்தலையும் தடுக்கும் திட்டம் 2009 முதல் அந்த நாட்டுப் பள்ளிகளுக்குப் போனது. வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளின் மனதை மாற்றுவதுதான் அதன் அடிப்படை. கேலி செய்பவனுக்குச் சிரிப்புதான் கூலி. சிரிக்க ஆள் இல்லாவிட்டால் அவன் எத்தனை நாள் தொடர்வான்?

"அடிக்கிற பையன் புத்தகமெல்லாம் படிப்பானா?" என்று போன பதிவில் ஒருவர் கேட்டிருந்தார். கையில் கொடுத்து "படி" என்றால் படிக்க மாட்டான். நாம் வாசித்தால் கேட்பான். எங்கள் நூலகத்தில் மேடியின் கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன். "உனக்கு இப்படி நடந்திருக்கிறதா?" என்று எந்தப் பிள்ளையையும் கேட்க மாட்டேன், கேட்டால் அத்தோடு வாய் மூடிவிடும். மேடி ஏன் பேசவில்லை என்று மட்டும் கேட்பேன். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், மற்ற நாட்களில் சின்னப் பிள்ளைகளைத் தள்ளிவிடுபவன், சொன்னான்: "அவ பயந்தாங்கொள்ளி இல்ல டீச்சர். அவளுக்கு வேற ஃப்ரெண்டே கெடையாது." அவன் யாரைப் பற்றிச் சொன்னான் என்று எனக்குத் தெரியும். கதையில் வரும் ஒருத்தியின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டால்தான் அவனால் அதைச் சொல்ல முடிந்தது.

ஆசிரியர்களுக்கு நேரம் இல்லை என்பது உண்மை. ஐம்பது பிள்ளைகள், பாடத்திட்டம், எமிஸ் இணையதளத்தில் மாணவர் விவரப் பதிவு, எல்லாம் தெரியும். இதில் உங்களோடு சண்டை போட மாட்டேன். ஆனால் அரசுப் பள்ளிகளில் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் கொடுத்த சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் இருக்கின்றன, மாணவர்களுக்கான தேன்சிட்டு இதழ் இருக்கிறது. பத்து நிமிடத்தில் வாசித்து முடித்துவிடலாம்.

"எங்க காலத்துல பட்டப்பெயர் இல்லாம யார் வளர்ந்தா?" என்பவர்களுக்கு என்னிடம் பொறுமை இல்லை. நீங்கள் வளர்ந்துவிட்டீர்கள். சிவப்பு மையில் அடிக்கப்பட்ட பெயர்கள் உங்களுக்கு நினைவில்லை.

எந்தப் பிள்ளைக்கு என்ன பட்டப்பெயர் விழுகிறது என்பதையும் கொஞ்சம் பாருங்கள். நிறம், தெரு, அப்பாவின் வேலை. சாதியை இழுக்கிறேன் என்பார்கள். நான் இழுக்கவில்லை, அது வகுப்பறைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. தொந்தரவு தாங்காமல் அவன் பள்ளிக்குப் போகாமல் இருந்திருக்கிறான், பள்ளியில் சொன்ன பிறகுதான் அது நடந்தது. அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிற்றைப் பற்றிக்கூடப் பேச வேண்டியிருந்தது. அரிவாள் வரை போன இடத்தில் கதைப் புத்தகம் போதும் என்று நான் சொல்லவே இல்லை. அங்கே போலீஸ் வேண்டும், குழந்தைகளுக்கான உதவி எண் 1098 வேண்டும், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417 வேண்டும். ஆனால் அந்தப் பையன்களும் ஒருகாலத்தில் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள்தானே. அப்போது அவர்களுக்கு யார் என்ன வாசித்துக் காட்டினார்கள்?

எழுத எழுதக் கை நடுங்குகிறது, எங்கெங்கோ போய்விட்டேன். மன்னியுங்கள்.

அந்தப் பள்ளியோடு தொடர்பு உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களிடம் சொல்லுங்கள். என் பஸ் செலவில் நானே வருகிறேன். அந்த வகுப்பு முழுவதற்கும் ஒரு மணி நேரம் கதை வாசிக்கிறேன், திக்கித் திக்கித்தான் வாசிப்பேன். மைக், மேடை, ஃபோட்டோ எதுவும் வேண்டாம். அந்தப் பெண்ணை முன்வரிசையில் உட்கார வைக்காதீர்கள். அவளுக்கு எங்கே உட்காரத் தோன்றுகிறதோ அங்கே உட்காரட்டும்.