தமிழையாவின் இடுப்பில் இருந்த சாவி

1960-களில் குடியாத்தத்தில் நான் படித்த உயர்நிலைப் பள்ளியில் நூலகம் என்றால் மூன்று மர பீரோக்கள்தான். சாவி தமிழையாவின் இடுப்பில் இருக்கும். நூலகர் என்று தனிப் பணியிடம் கிடையாது. பாடம் நடத்தி, பரீட்சைத் தாள் திருத்தி, மிச்ச நேரத்தில் அவர் சுமந்த கூடுதல் பொறுப்பு அது.

'புத்தகத்தைப் பூட்டி வைத்தவர்கள்' என்று அந்தக் கால ஆசிரியர்களை இன்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. வருஷக் கடைசியில் இருப்புப் பதிவேட்டை விரித்து ஒவ்வொரு புத்தகமாக எண்ணுவார்கள். குறைந்தால் பொறுப்பில் இருப்பவர்தான் பணம் கட்ட வேண்டும். யாருக்குத்தான் பீரோவைத் திறக்கத் தைரியம் வரும்?

எங்கள் ஐயா திறந்தார். சனிக்கிழமை காலையிலும் வந்து உட்கார்ந்திருப்பார். எங்களில் பாதிப் பேர் நெசவு வீட்டுப் பிள்ளைகள். பள்ளி விட்டதும் தறிக்கு நூல் தார் சுற்ற வேண்டும். "தறிகிட்டயே வெச்சிப் படிடா, சாயம் மட்டும் படாம பாத்துக்க" என்பார். ஒருமுறை நான் கொண்டுபோன புத்தகம் மழையில் நனைந்து அட்டை பிய்ந்துவிட்டது. அழுதுகொண்டே நீட்டினேன். திட்டவில்லை. மைதாப் பசை காய்ச்சி ஒட்டிக் காயவைத்தார், அப்புறம் அடுத்த புத்தகத்தைக் கையில் கொடுத்தார். காணாமல் போனவற்றுக்கு அவரே பணம் கட்டியது பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் குழு 1953-லேயே எழுதியது: பெரும்பாலான பள்ளிகளில் நூலகம் என்று சொல்லத்தக்கதே இல்லை, இருப்பதையும் ஒரு எழுத்தரோ அக்கறையில்லாத ஆசிரியரோ பகுதி நேரமாகப் பார்க்கிறார், பயிற்சி பெற்ற நூலகர் வேண்டும். அந்த 'அக்கறையில்லாத' என்ற சொல்லை எங்கள் ஐயாவோடு சேர்த்துப் படிக்க என்னால் முடியவில்லை. மற்றதெல்லாம் உண்மை.

சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம், 1948-இல், நம் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. சொத்து வரியோடு நூலக வரி வாங்கி ஊர் நூலகங்கள் நடந்தன. பள்ளி பீரோவுக்கு அதில் இடமில்லை. 1954 இடைத்தேர்தலில் காமராஜரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பிய ஊர் எங்களுடையது. பள்ளிகள் பெருகின, 1956-இல் மதிய உணவு வந்தது. பிள்ளைகள் வந்தார்கள், எங்கள் பீரோவுக்கு மட்டும் ஓர் ஆள் வரவே இல்லை.

பள்ளிக்கு ஒரு முழுநேர நூலகர் வேண்டும். தொலைந்த புத்தகத்துக்கு ஆசிரியர் பணம் கட்டும் வழக்கம் ஒழிய வேண்டும். போன மாதம் வேலூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளிக்குப் போயிருந்தேன். புத்தம் புது வண்ணப் புத்தகங்கள், கண்ணாடி பீரோ, பூட்டு. பொறுப்பு கணக்கு டீச்சரிடம். ஏம்மா பூட்டியிருக்கிறது என்று கேட்டேன்.

"ஒண்ணு தொலைஞ்சாலும் நான்தான சார் பதில் சொல்லணும்?"