அரைக்கம்பத்துக்கு உத்தரவு வேண்டும்

ஒரு தலைவர் இறந்த செய்தி டிவியில் ஓடத் தொடங்கியதும் எங்காவது ஒரு பள்ளியிலோ அடுக்குமாடிக் குடியிருப்பிலோ தேசியக்கொடி பாதிக் கம்பத்துக்கு இறங்கிவிடுகிறது. மனசு நல்ல மனசுதான். ஆனால் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம், 1971 இதை வேறு மாதிரி பார்க்கிறது. அரசு உத்தரவுப்படி பொதுக் கட்டடங்களில் அரைக்கம்பத்தில் பறக்கும் நாள் தவிர வேறு நாளில் அப்படிப் பறக்கவிட்டால் அது அவமதிப்பு. மூன்றாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பள்ளித் தாளாளருக்கோ குடியிருப்போர் சங்கச் செயலாளருக்கோ இந்த அதிகாரம் கிடையாது. வாட்ஸ்அப் பார்வர்டுக்கும் கிடையாது.

யாருக்கு, எந்த ஊரில் என்பதை 2002 கொடி விதித்தொகுப்பு பட்டியலே போட்டிருக்கிறது. குடியரசுத் தலைவர், துணைத் தலைவர், பிரதமர் என்றால் நாடு முழுவதும். மக்களவைத் தலைவருக்கும் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கும் டெல்லியில் மட்டும். ஆளுநர், முதலமைச்சர் என்றால் அந்த மாநிலம் முழுக்க. மாநில கேபினட் அமைச்சருக்கு மாநிலத் தலைநகரில் மட்டும். அதாவது தமிழக அமைச்சர் ஒருவர் இறந்தால் சென்னையில் இறங்கும், தனி உத்தரவு இல்லாமல் மதுரையில் இறங்காது. செய்தி பிற்பகலில் வந்தால் மறுநாளும் அரைக்கம்பம், அன்று சூரிய உதயத்துக்கு முன் இறுதிச் சடங்கு முடிந்திராவிட்டால்.

பதவியில் இல்லாதவர்கள் இந்தப் பட்டியலில் இல்லை. அப்துல் கலாமுக்கு 2015-லும் மன்மோகன் சிங்குக்கு 2024-லும் ஏழு நாள் துக்கம் என்று மத்திய அரசு தனியாக அறிவித்ததால்தான் கொடி இறங்கியது. மன்மோகன் சிங்குக்கான துக்கம் 2025 ஜனவரி 1 வரை நீடித்தது, புத்தாண்டு அன்றும் அரைக்கம்பம்தான். ஆனால் துக்க நாள் குடியரசு தினத்திலோ சுதந்திர தினத்திலோ காந்தி ஜெயந்தியிலோ, ஜாலியன்வாலாபாக் தியாகிகளை நினைக்கும் ஏப்ரல் 6 முதல் 13 வரையான தேசிய வாரத்திலோ வந்தால் கொடி முழுக்கம்பத்தில்தான் பறக்கும். உடல் வைக்கப்பட்டிருக்கும் கட்டடம் மட்டும் விலக்கு. உடலை எடுத்துச் சென்றதும் அங்கேயும் உச்சிக்கு ஏற்றிவிட வேண்டும்.

இன்னொன்று. இந்த உத்தரவுகளில் வழக்கமாக இருக்கும் வாசகம், ‘தேசியக்கொடி வழக்கமாகப் பறக்கும் கட்டடங்களில்’ என்பது. தினமும் கொடி ஏற்றாத இடத்தில் துக்கத்துக்காகப் புதிதாக ஏற்ற வேண்டியதில்லை.

சரி, உத்தரவு வந்துவிட்டது. அதிகம் பேர் தவறு செய்வது இங்கேதான். கொடியைத் தரையிலிருந்து நேராகப் பாதிக்கு ஏற்றி நிறுத்தக் கூடாது. முதலில் உச்சி வரை விறுவிறுவென ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, அதன்பிறகே பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் இறக்கும்போதும் மறுபடி உச்சிக்குக் கொண்டுபோய், பிறகுதான் மெதுவாகக் கீழே. ஜனவரி 26-க்குச் செய்வதுபோல் பூவைப் பொதிந்து மடித்து, சுருக்குப் போட்டு மேலே கட்டி அவிழ்க்கும் முறை இதற்கு ஒத்துவராது. விரித்த கொடியைக் கட்டியே ஏற்றுங்கள். கப்பி சிக்கிக்கொள்கிறதா என்று முன்பே ஒருமுறை கயிற்றை இழுத்துப் பார்த்துவிடுவது நல்லது. துக்க நாளில் கொடி நடுவில் மாட்டிக்கொண்டு ஆள் ஏணி தேடும் காட்சி யாருக்கும் வேண்டாம்.

‘பாதி’ எது? கம்பத்தைத் தாங்கும் இழுவைக் கம்பி இருந்தால், உச்சிக்கும் அந்தக் கம்பி கட்டிய இடத்துக்கும் நடுவில். 20 அடிக் கம்பத்தில் 12 அடி உயரத்தில் கம்பி கட்டியிருந்தால் கொடி உச்சியிலிருந்து 4 அடிதான் இறங்கும். இழுவைக் கம்பி இல்லையென்றால் மொத்தக் கம்பத்தில் பாதி. சிக்கல் வருவது குட்டைக் கம்பத்தில். 12 அடிக் கம்பத்தில் 6-க்கு 4 அடிக் கொடியைக் கட்டி, மேல் விளிம்பைப் பாதியில் நிறுத்தினால் கீழ் விளிம்பு தரையிலிருந்து 2 அடி. காற்று நின்றால் தொங்கும் துணி மண்ணைத் தொட்டுவிடும். தரையைத் தொடவிடுவதும் விதிமீறல். அந்தக் கம்பத்துக்கு 3-க்கு 2 அடிக் கொடிதான் சரி.

கொடியோடு கறுப்பு நாடா கட்டும் பழக்கமும் இருக்கிறது. கொடி ஏந்திய அணிவகுப்பிலோ ஊர்வலத்திலோ துக்கம் அனுசரிக்கும்போது மட்டும், அதுவும் அரசு உத்தரவிட்டால், கொடிக்கம்பின் ஈட்டி முனையில் இரண்டு கறுப்பு நாடாக்களை இயல்பாகத் தொங்கவிடலாம். மற்றபடி கூடாது. அதே கம்பத்தில் கறுப்புக் கொடியோ கட்சிக் கொடியோ சேர்த்துக் கட்டுவதும் தவறு. கட்சிக்காரர்கள் தங்கள் கொடியைத் தனிக் கம்பத்தில் இறக்கிக்கொள்ளட்டும், அது அவர்கள் பாடு.

சவப்பெட்டிமேல் தேசியக்கொடி போர்த்துவது அரசு மரியாதை, ராணுவ, துணை ராணுவ இறுதிச் சடங்குகளுக்கு மட்டும். காவி தலைப்பக்கம் இருக்க வேண்டும். குழியிலும் இறங்கக் கூடாது, சிதையிலும் எரியக் கூடாது. 2018 ஆகஸ்டில் மெரினாவில் கருணாநிதி உடல்மேல் இருந்த கொடியை எடுத்து மடித்து ஸ்டாலினிடம் ஒப்படைத்தது இதனால்தான். உள்ளூர்ப் பிரமுகருக்குப் பாசத்தில் மூவண்ணம் போர்த்தும் வழக்கத்தை ஊர்ப் பெரியவர்கள்தான் தடுக்க வேண்டும்.

2022-க்குப் பிறகு பால்கனிகளில் குச்சியில் மாட்டிய கொடிகள் பெருகிவிட்டன. அவற்றைப் பாதியில் நிறுத்த வழியே இல்லை. சிலர் குச்சியின் நடுவில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுகிறார்கள், பார்க்க அசிங்கமாகச் சுருண்டு கிடக்கிறது. துக்க நாட்களில் அதைக் கழற்றி மடித்து உள்ளே வைத்துவிடலாம் என்பது என் கருத்து.